திலகவதியாரின் திருவலகு

பருவம் என்னும் சொல்லைத் தமிழ் மரபு இரண்டு கணக்குகளுக்குப் பயன்படுத்தி வந்துள்ளது. முதலாவது காலத்தின் கணக்கு. ஆவணி, புரட்டாசி கார்; ஐப்பசி, கார்த்திகை கூதிர்; மார்கழி, தை முன்பனி; மாசி, பங்குனி பின்பனி; சித்திரை, வைகாசி இளவேனில்; ஆனி, ஆடி முதுவேனில் என ஆண்டை ஆறாகப் பகுத்து, அவற்றைப் பெரும்பொழுது எனத் தொல்காப்பியமும் அதன் உரையாசிரியர்களும் குறித்தனர். இரண்டாவது பெண்ணின் வயதுக் கணக்கு. சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் வகுத்த பாட்டியல் நூல்கள் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என ஏழு பருவங்களைச் சொல்லி, பேதையை ஐந்து வயதில் தொடங்கி, பேரிளம்பெண்ணை நாற்பதில் முடித்துவிட்டன. முதுவேனில் கழிந்தால் மறுபடியும் கார் வந்து மண்ணை நனைக்கிறது. பெண்ணுக்கோ நாற்பதுக்கு அப்பால் பருவம் என்ற ஒன்றே ஏட்டில் இல்லை.

இந்தக் கணக்கை வகுத்தவர்களின் கண் எங்கே நின்று பார்த்தது என்பதை உலா இலக்கியம் காட்டிவிடுகிறது. மன்னன் வீதியில் பவனி வர, ஏழு பருவத்துப் பெண்களும் அவனைக் கண்டு மயங்கி நிற்பதாகப் பாடுவதே உலாவின் அமைப்பு. ஆகவே அந்த ஏழு பருவங்களும் அழகின் ஏற்ற இறக்கத்தை அளந்தனவே தவிர, பெண்ணின் அறிவோ அருளோ வளர்ந்த கதையை அளக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்க சோழனின் அவைக்களப் புலவராக இருந்த ஒட்டக்கூத்தர் அம்மன்னன்மீது இவ்வகையில் ஓர் உலாவைப் பாடினார். அதே மன்னனிடம் அமைச்சராக இருந்த மற்றொருவரோ பெண்ணின் வாழ்வை முற்றிலும் வேறொரு கோலால் அளந்தார். அவரே பெரியபுராணம் அருளிய சேக்கிழார்; பிறந்த ஊர் குன்றத்தூர்.

குன்றத்தூர் இன்று பல்லாவரத்துக்கு மேற்கே, தாம்பரத்திலிருந்து பேருந்தில் எளிதாகச் சென்றுவரக்கூடிய புறநகர். சேக்கிழார் எடுப்பித்த திருநாகேசுவரம் கோயில் அங்கே இன்றும் வழிபாட்டில் உள்ளது. தென்சென்னைப் புறநகரின் இந்த மண்ணிலிருந்து சென்ற ஒருவர் காட்டிய பெண்ணின் வளர்ச்சியும், எட்டு நூற்றாண்டுகள் கழித்து இதே மண்ணுக்கு வந்து சேர்ந்த மற்றொரு பெண்மணியின் வளர்ச்சியும் ஒரே கோட்டில் அமைந்திருப்பதை விளக்குவதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

திருவாமூரில் கவிந்த இருள்

பெரியபுராணம் போற்றும் நாயன்மார் 63 பேர். அவர்களுள் காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் என மூவரே பெண்கள். திலகவதியார் அந்த எண்ணிக்கையில் இல்லை. ஆனால் அவரை நீக்கிவிட்டால் திருநாவுக்கரசர் வரலாறே நகராது என்னும் அளவுக்குச் சேக்கிழார் அவரைத் தம் காப்பியத்தில் நிலைநிறுத்தியுள்ளார். திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மூத்த மகளாகப் பிறந்தவர் திலகவதியார். மருள்நீக்கியார் என்னும் இயற்பெயருடன் அவருக்குப் பின் பிறந்த தம்பியே பிற்காலத்தில் அப்பர் எனவும் திருநாவுக்கரசர் எனவும் போற்றப்பட்டவர்.

திலகவதியாருக்குப் பன்னிரண்டு வயது நிரம்பியபோது, படைத்தலைவரான கலிப்பகையாருக்கு அவரை மணமுடிக்கப் பெரியோர் இசைந்தனர். மணம் நிகழுமுன் கலிப்பகையார் மன்னன் ஏவலால் வடபுலப் போருக்குச் சென்றார். அந்த இடைவெளியில் புகழனார் நோயுற்று மறைந்தார். மாதினியாரும் கணவரைத் தொடர்ந்தார். போர்க்களத்திலிருந்து கலிப்பகையார் வீழ்ந்த செய்தியும் வந்து சேர்ந்தது. பாட்டியல் கணக்கில் மங்கைப் பருவம் என்று பெயர் பெற்ற வயதில், தந்தை, தாய், கணவராக வரித்தவர் ஆகிய மூன்று நிழல்களும் ஒரு சிறுமியின் தலைக்குமேலிருந்து அகன்றன. தாமும் உயிர்விடுவதே தகுதி என்று திலகவதியார் துணிந்தபோது, சிறுவரான தம்பி அவர் காலில் விழுந்து, தமக்கையார் சென்றால் தாம் அவருக்கு முன்பே சென்றுவிடுவதாகக் கதறினார். திலகவதியார் தம் துணிவை மாற்றிக்கொண்டு, தம்பி வாழவேண்டும் என்பதற்காகவே உயிர் தாங்கினார்.

உயிர் தாங்குதல் என்னும் இந்தச் செயலே அவர் வரலாற்றின் திருப்புமுனை. உடன்கட்டையைப் பெண்ணின் உச்சமாகக் கொண்டாடிய காலத்தில், இறப்பைவிட இருப்பது கடினமான தவம் என்பதைச் சேக்கிழார் ஒரு சிறுமியின் முடிவால் நிறுவினார். நிழல் இழந்தவள் தானே இன்னோர் உயிருக்கு நிழலாவது என்று ஒரு பெண் தீர்மானிக்கும் நொடியில்தான் அவளுடைய தலைமை தொடங்குகிறது. பதவியும் பட்டமும் அதற்கு வெகு பின்னால் வருபவை, சில வேளைகளில் வராமலே போகின்றவை.

அலகு, மெழுக்கு, தோண்டி

தம்பி வளர்ந்து, நிலையாமையை எண்ணி அறங்கள் பல செய்து, பின்னர்ச் சமணம் சார்ந்து, பாடலிபுத்திரம் எனப்பட்ட திருப்பாதிரிப்புலியூரில் தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை பெற்றார். யாருக்காக உயிர் தாங்கினாரோ அவரே பிரிந்து சென்றது திலகவதியாருக்கு வந்த இரண்டாம் பருவ மாற்றம். இம்முறை அவர் உயிர்விட எண்ணவில்லை; தம்பியின் பின்னால் சென்று மன்றாடவும் இல்லை. கெடிலக் கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, அங்கே ஒரு மடம் அமைத்துத் தங்கி, நாள்தோறும் கோயில் பணியில் ஈடுபட்டார்.

அந்தப் பணியின் கருவிகளைச் சேக்கிழார் பெயர் சொல்லியே காட்டுகிறார். திருவலகு என்பது கோயில் தரையைக் கூட்டும் துடைப்பம். திருமெழுக்கு என்பது கூட்டிய தரையை மெழுகும் சாணம். தோண்டி என்பது நீர் முகக்கும் சிறு குடம். பொழுது புலருமுன் எழுந்து, சிற்றுயிர்களுக்கு ஊறு நேராதவாறு அலகை மெல்ல வீசிக் கூட்டுவதும், ஈரம் புலராத மலர்களைக் கொய்து மாலை கட்டுவதும் சைவ நெறியில் சரியை எனப்படும். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கு படிகளில் இது முதற்படி, உடலால் செய்யப்படுவது, கல்வியோ செல்வமோ பிறர் அனுமதியோ வேண்டாதது. முதற்படி என்பதால் இதைத் தாழ்ந்தது என்று கருதுவோர், அடித்தளத்தைக் கட்டடத்தின் தாழ்ந்த பகுதி என்று இகழ்வோரை ஒத்தவர்.

சூலை என்னும் வயிற்று நோயால் துடித்த தருமசேனர் ஆளனுப்பியபோது, திலகவதியார் அவர் இருந்த இடத்துக்கு வர மறுத்துவிட்டார். பாசம் மிகுந்த தமக்கை, நோயுற்ற தம்பியிடம் ஓடிச் செல்வாள் என்றே எவரும் எதிர்பார்ப்பர். தொண்டு என்றால் எல்லாவற்றுக்கும் தலையசைப்பது என்று கருதுவோர் பெரியபுராணத்தின் இந்த இடத்தை மீண்டும் மீண்டும் படிக்கவேண்டும். தம் நெறி எது, தாம் நிற்கும் இடம் எது என்பதில் திலகவதியார் அணுவளவும் இளகவில்லை. தம்பியே இரவோடிரவாக வந்து மடத்து வாயிலில் அடி பணிந்தபோது, அவர் பழையதைச் சொல்லிக் கடிந்துகொள்ளவும் இல்லை. ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்தார். விடியற்காலையில் திருவலகும் திருமெழுக்கும் தோண்டியும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டவர், தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார். அன்று பிறந்ததே நாவுக்கரசரின் முதல் பதிகம்.

கோயில்களில் அப்பரின் திருவுருவம் உழவாரப்படை என்னும் கருவியைத் தோளில் சார்த்திய கோலத்தில் காணப்படுகிறது. கோயில் வளாகத்தில் முளைத்த புல்லைச் செதுக்கும் கருவி அது. புறநகர்க் கோயில்களில் ஞாயிறுதோறும் மதில்மேல் முளைத்த செடியைக் களையும் அன்பர்கள் தங்கள் பணியை இன்றும் உழவாரப்பணி என்றே அழைக்கின்றனர். தம்பியின் கையில் இருந்த உழவாரத்துக்கு முன்பே தமக்கையின் கையில் அலகு இருந்தது என்பதை நினைவுகூர்ந்தால், தலைமுறைகளைக் கடந்து வழங்கும் ஒரு தொண்டு மரபின் வேர் ஒரு பெண்ணின் கைவிரல்களில் இருந்தது விளங்கும்.

பதினொரு வயதில் ஒரு கூதிர்

பெரியபுராணத்தைப் பக்திக் காப்பியமாக மட்டும் கருதி, அது காட்டும் வாழ்வு நடைமுறைக்கு ஒவ்வாது என்று ஒதுக்குவோருக்கு, சகோதரி சுப்பலட்சுமி என்று சென்னை அறிந்த பெண்மணியின் வரலாறு விடையாகிறது. 1886ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று மயிலாப்பூரில், சுப்பிரமணிய ஐயருக்கும் விசாலாட்சிக்கும் பிறந்த அவருக்குப் பதினொரு வயதில் மணம் நிகழ்ந்தது. சிறிது காலத்திலேயே கணவர் இறந்தார். பாட்டியல் கணக்கில் அது பெதும்பைப் பருவத்தின் கடைசி ஆண்டு. அந்நாளில் கைம்மை என்பது வாழ்நாள் முழுதும் நீளும் கூதிர்க்காலமாகவே இருந்தது: தலைமழிப்பு, ஒற்றை ஆடை, ஒருவேளை உணவு, மங்கல நிகழ்ச்சிகளில் கண்ணில் படக்கூடாது என்னும் விலக்கு ஆகிய அனைத்தும் விளையாட்டுப் பருவம் தாண்டாத சிறுமிகள்மீதும் சுமத்தப்பட்டன.

சுப்பலட்சுமிக்கு அவர் குடும்பம் புத்தகத்தைக் கொடுத்தது. மாநிலக் கல்லூரியில் பயின்று 1911ஆம் ஆண்டு அவர் பட்டம் பெற்றபோது, சென்னை மாகாணத்தில் பட்டதாரியான முதல் இந்துக் கைம்பெண் என்னும் சிறப்பு அவரைச் சேர்ந்தது. அந்தப் பட்டத்தை அவர் தம் தனிப்பட்ட விடுதலையாகக் கொண்டு அமைதியாக இருந்திருந்தாலும் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அடுத்த ஆண்டே, தம்மைப்போல் சிறுவயதில் கைம்மையுற்ற பெண்கள் தங்கிப் படிப்பதற்கென எழும்பூரில் ஓர் இல்லத்தைத் தொடங்கினார். விரல்விட்டு எண்ணத்தக்க சிறுமிகளோடு தொடங்கிய அவ்வில்லம் வளர்ந்து, 1897இல் விவேகானந்தர் தங்கிச் சென்ற மெரினாக் கடற்கரை ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் பின்னர் இயங்கியது. தம்பிக்காகத் திலகவதியார் உயிர் தாங்கியதும், தம் நிலையிலிருந்த சிறுமிகளுக்காகச் சுப்பலட்சுமி கல்வியைத் தாங்கியதும் ஒரே வகைச் செயல்கள்.

அந்த இல்லம் தொடக்கத்தில் பிராமணக் கைம்பெண் சிறுமிகளுக்கு உரியதாகவே இருந்தது என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சாதி வரம்பு அக்காலத்தின் வரம்பு மட்டுமன்று, அந்த முயற்சியின் வரம்பும்கூட. எனினும் அவர் அந்த வட்டத்துக்குள் தங்கிவிடவில்லை என்பதே கவனிக்கத் தக்கது. 1922இல் ஆசிரியைகளை உருவாக்கும் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரியின் முதல் முதல்வரானார். 1927இல் சாரதா வித்யாலயத்தை நிறுவினார். 1942இல் படிக்கும் வயது கடந்துவிட்டதாகக் கருதப்பட்ட பெண்களுக்கென மயிலாப்பூரில் ஸ்ரீ வித்யா கலாநிலையத்தைத் தொடங்கினார். பெண்ணின் மணவயதைப் பதினான்காக உயர்த்திய சாரதா சட்டம் 1930இல் நடைமுறைக்கு வந்தபோது, அதற்காகக் குரல் கொடுத்தவர்களுள் அவரும் ஒருவர். திலகவதியாருக்கு மணம் பேசிய வயது பன்னிரண்டு. சுப்பலட்சுமிக்கு மணமான வயது பதினொன்று. சட்டம் சொன்ன வயது பதினான்கு. ஆயிரத்து முந்நூறு ஆண்டு இடைவெளியில் அந்த எண் எவ்வளவு மெதுவாக நகர்ந்தது என்பதை இம்மூன்றும் சொல்லும்.

மாடம்பாக்கத்துப் பசு

1954ஆம் ஆண்டு சுப்பலட்சுமி சட்டமன்ற மேலவை உறுப்பினராக இருந்தார். வயது அறுபத்தெட்டை நெருங்கியிருந்தது. ஓய்வும் புகழும் ஒருங்கே வாய்த்த அந்தப் பின்பனிப் பருவத்தில், தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் என்னும் சிற்றூரில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான ஒரு சமூக நல மையம் அமைவதற்கு அவர் துணைநின்றார். மயிலாப்பூரில் பிறந்து, கடற்கரை மாளிகையில் பணி வளர்த்து, சட்டமன்ற மேலவைவரை சென்றவர் கடைசியில் வந்து சேர்ந்தது ஏரியும் வயலும் சூழ்ந்த ஒரு கிராமத்துக்கு. தம் குடும்பம், தம் நிலையினர், தம் நகரம் என்று விரிந்து வந்த வட்டம் அங்கே ஊர்ப்புறத்துத் தாய்மாரையும் பிள்ளைகளையும் உள்ளடக்கியது.

மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலை அறிந்தவர்களுக்கு இந்தச் சேர்க்கை ஆழமான பொருள் தரும். சோழர் காலத்துக் கற்கோயிலான அதன் கருவறை, தூங்கானை மாடம் என்னும் அமைப்பைக் கொண்டது. யானை படுத்திருக்கும்போது அதன் பின்புறம் வளைந்து தோன்றுவதுபோல் கட்டப்படுவது அவ்வடிவம். தேனு என்னும் வடசொல்லுக்குப் பசு என்பது பொருள். கபில முனிவர் பசுவாகப் பிறந்து, மண்ணுள் புதைந்து கிடந்த சிவலிங்கத்தின்மேல் பால் சொரிந்து வழிபட்டார் என்பது தலபுராணம். சைவ சித்தாந்தம் இறைவனைப் பதி என்றும், உயிரைப் பசு என்றும், உயிரைக் கட்டும் தளையைப் பாசம் என்றும் வகுக்கிறது. அந்தக் கதையை இந்த வகுப்போடு சேர்த்துப் பார்த்தால், தளையுண்ட உயிர், எவர் கண்ணுக்கும் படாத இடத்தில் தன்னிடம் உள்ளதைச் சொரிவதன்வழியே தளையிலிருந்து விடுபடுகிறது என்பது புலனாகும்.

நான் என்னும் எண்ணம் அகங்காரம். எனது என்னும் எண்ணம் மமகாரம். இவ்விரண்டையும் அறுப்பதே ஆன்மீகப் பயிற்சியின் நோக்கம் என்று பல நெறிகளும் கூறுகின்றன. எனது என்னும் வட்டத்தை ஒரே வீச்சில் அழித்துவிடுவது முனிவருக்கு இயலக்கூடும். இல்லறத்தில் நிற்கும் பெண்ணுக்கு இயல்வது அதை விரித்துக்கொண்டே போவது. என் பிள்ளை என்பது எங்கள் தெருப் பிள்ளைகள் என்று விரிந்து, ஊர்ப் பிள்ளைகள் என்று மேலும் விரியும்போது, எனது என்னும் சொல் தன் கூர்மையை இழந்து கரைகிறது. பெண்ணின் வளர்ச்சியை வயதின் ஏழு பருவங்களால் அளப்பதைவிட, இந்த வட்டத்தின் அகலத்தால் அளப்பதே சரியான அளவை; அந்த அளவையில் நாற்பதோடு முடியும் கணக்கு ஏதும் இல்லை. 1969ஆம் ஆண்டு டிசம்பர் 20, வைகுண்ட ஏகாதசி நாளில் சுப்பலட்சுமி மறைந்தபோது, அவருடைய வட்டத்துக்குள் வந்தவர்கள் எத்தனை பேர் என்று எந்த ஏட்டிலும் எழுதி முடிக்க இயலாது.

வெள்ளம் வடிந்த பிறகு

தென்புறநகருக்குப் பருவமாற்றம் என்பது உவமை மட்டுமன்று. தொல்காப்பிய மரபில் கார்காலம் ஆவணியில் தொடங்கினாலும், சோழமண்டலக் கரைக்குப் பெருமழை வருவது ஐப்பசி, கார்த்திகையில்தான். 2015ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் ஏறத்தாழ 49 செ.மீ. மழை பதிவாயிற்று, அடையாறு பெருகி, முடிச்சூரும் வரதராசபுரமும் நீருக்குள் நின்றன. நீர் வடிந்தபின் ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் முதலில் எடுத்தது துடைப்பத்தை. அரிசிப் பானைக்குள் புகுந்த சேற்றை வழித்தெடுத்ததும், குடும்ப அட்டையையும் பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ்களையும் துணிக்கொடியில் உலர்த்தியதும், மாற்றுச் சான்றிதழ் வழங்கும் முகாம்களில் வரிசையில் நின்றதும் பெரும்பாலும் அவர்களே. அந்த நாள்களில் தன் வீட்டைக் கூட்டி முடித்துவிட்டு, தனியே வாழும் முதியவரின் அடுத்த வீட்டையும் கூட்டிக் கொடுத்த பெண்ணின் கையில் இருந்தது திலகவதியாரின் அலகே.

காலம் பெண்ணுக்குப் பொது அவையிலும் இடம் திறந்துள்ளது. 2016இல் தமிழக உள்ளாட்சி அமைப்புகளில் மகளிர் இடஒதுக்கீடு 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. 2021இல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளோடு மாடம்பாக்கம் உள்ளிட்ட பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது; பின்னர் அதன் மேயர் பதவி பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. 2022 மார்ச்சில் வசந்தகுமாரி கமலக்கண்ணன் தம் இருபத்தைந்தாம் வயதில் அதன் முதல் மேயரானார். குறிப்பிட்ட சாதிச் சிறுமிகளுக்கென 1912இல் தொடங்கிய வட்டம், நூற்றுப்பத்து ஆண்டுகளில் சமூகமாகவும் சட்டமாகவும் விரிந்த விரிவு இது. ஆயினும் இருக்கை வாய்ப்பது வேறு, அந்த இருக்கையில் பெண் தானே முடிவெடுப்பது வேறு. பெயருக்குப் பெண்ணை அமர்த்திவிட்டுக் கணவரோ தந்தையோ கோப்பில் கருத்துச் சொல்லும் வழக்கம் நாட்டின் பல உள்ளாட்சிகளில் இருந்து வருவதை அனைவரும் அறிவர். அங்கே தேவைப்படுவது, அன்புள்ள தம்பி அழைத்தும் வரமறுத்த தமக்கையின் உறுதி.

தொண்டு என்னும் சொல்லைக் காட்டிப் பெண்ணின் உழைப்பை இலவசமாகப் பெறுவது மற்றொரு தவறு. திலகவதியாரை அலகெடுக்குமாறு எவரும் ஏவவில்லை. சுப்பலட்சுமியை மாடம்பாக்கத்துக்கு எவரும் அனுப்பவில்லை. தானே தேர்ந்து செய்வது தொண்டு, பிறர் சுமத்துவது சுமை. இரண்டையும் பிரித்தறியும் தெளிவையே ஆன்மீகம் பெண்ணுக்கு முதலில் தரவேண்டும், ஆணுக்கும் அதையே கற்பிக்கவேண்டும்.

தாம்பரத்திலும் சேலையூரிலும் மாடம்பாக்கத்திலும் மார்கழி விடியலில் வாசல் தெளித்துக் கூட்டி, கோலமிடும் பெண்கள் ஏராளம். கோலம் இல்லாத வாசல் என்பது தமிழ்த் தெருவில் ஒரு செய்தி. அந்த வீட்டில் நோயோ துக்கமோ, சொல்ல முடியாத ஏதோ ஒன்றோ இருக்கிறது என்பது அதன் பொருள். தன் வாசலைக் கூட்டி முடித்தவர், துடைப்பத்தைச் சாத்துமுன் தெருவை ஒருமுறை பார்த்து, அப்படி ஒரு வாசல் கண்ணில் பட்டால் அந்தப் படியேறிச் சென்று விசாரிக்க வேண்டும்.